பச்சைக்கொம்புக் கடமான்

4 செப்டம்பர் 1971, சனி

இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

இன்றைய தபாலில் தேன்மட்டம் ஷிகார் கிளப்பின் அழைப்பிதழ். எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவாம், அக்டோபர் 24 ஞாயிறு. புதிதாகக் கட்டியிருக்கும் கூடத்துக்குப் பொன்னுரங்கத்தின் பெயரை வைக்கிறார்கள். 'வேட்டை ஒழுக்கத்துக்கு இலக்கணமாக விளங்கும் பெருந்தகை' என்று பெயருக்கு மேலே ஒரு வரி. பழைய வேட்டைத் தலைகள், கொம்புகள் வைத்திருக்கும் அன்பர்கள் கூடத்துக்குக் கொடுத்து உதவலாம் என்று அடியில் இன்னொரு வரி.

கொடுத்து உதவுகிறேன். என் பரண்மேல் ஒன்று இருக்கிறது.

பொன்னுரங்கமும் நானும் சென்னையில் நான்கு வருஷம் ஒரே விடுதி அறை. அவன் பி.ஏ.யை எப்படியோ தாண்டி, மாமா தயவில் ஆனைமலைக்கு மேலே தேன்மட்டம் எஸ்டேட்டில் உதவி மேனேஜர் ஆனான். நான் விலங்கியலில் எம்.ஏ., முதல் வகுப்பு, பொள்ளாச்சியில் கல்லூரி டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனேன். பிறகு அவன் மேனேஜர், அதற்கு மேல், அதற்கும் மேல். இப்போது கூடமாகவே ஆகப்போகிறான். நான் பதினாறு வருஷமாக லெக்சரர்.

5 செப்டம்பர், ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். கிளப்புக்கு எழுதப்போகும் கடிதத்துக்கும் உதவும்.

1949 மே 21. கோடை விடுமுறைக்கு அவன் பங்களாவுக்குப் போயிருந்தேன். காட்டுப்பன்றிகள் லயன் வீட்டுத் தொழிலாளிகளின் கிழங்குத் தோட்டத்தை உழுதுகொண்டிருந்தன. பன்றியை எந்த மாதமும் சுடலாம்; லைசென்ஸ் இல்லாத விருந்தாளியும் சுடலாம். அவனிடம் ரைஃபிள். என்னிடம் அவனுடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி, உருண்டைக் குண்டு போட்டது. எங்களுக்கு நடுவில் மீரா ராவுத்தர். காட்டில் தடம் பார்த்து வேட்டைக்காரர்களை அழைத்துப்போவது அவர் தொழில்.

ஓடைக்கு இக்கரையில் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அக்கரையில் பன்றி வெளியே வந்தது. பொன்னுரங்கம் சுட்டான். அதே நொடியில் பக்கத்துப் புதரில் அசைந்த இன்னொன்றை நோக்கி நானும் சுட்டேன். ராவுத்தர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அதனால்தான் என் குறி தவறியது.

ஏதோ விழுந்தது. பொன்னுரங்கம் ஓடையைத் தாண்டி ஓடினான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அங்கிருந்து கத்தினான்: "என் குண்டுடா புரொபசர்! நீ வராதே. பங்களாவுக்குப் போய் ஜீப்பை அனுப்பச் சொல்லு!"

அப்போது நான் புரொபசர் இல்லை. கேலிக்காக அப்படிக் கூப்பிடுவான். இப்போதும் இல்லை.

எதிலும் அவன்தான் முந்தி. விடுதியில் வெந்நீர் முதல் எல்லாவற்றிலும். போன வேகத்தில் சரியாகப் பார்க்காமலே 'என் குண்டு' என்றான். மனத்துக்குள் திட்டிக்கொண்டே ஒன்றரை மைல் நடந்தேன். ஜீப்போடு திரும்பியபோதுதான் பார்த்தேன். கிடந்தது பன்றி அல்ல, கடமான். ஆண். இரண்டு கொம்பிலும் முழு வெல்வெட்.

கடமானுக்கு வருஷா வருஷம் கொம்பு உதிர்ந்து முளைக்கும். முளைக்கும் சில மாதங்கள் அதன்மேல் வெல்வெட் போல மெல்லிய மயிர்த்தோல் போர்த்தியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடும், தொட்டால் சூடாக இருக்கும். பச்சைக்கொம்பு என்பார்கள் காட்டுக்காரர்கள். கொம்பு முற்றியதும் மரத்தில் தேய்த்து அந்தத் தோலை உரித்துப் போட்டுவிடும். அதற்கு முன் சுடுவது வேட்டைக்காரர்களுக்குள் பெரிய இழுக்கு. கிளப் விதிப்படி குற்றமும்கூட.

"யாருக்கும் தெரிய வேண்டாம். இதை எரிச்சிடு" என்று தலையை என்னிடம் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான்.

நான் எரிக்கவில்லை. அதன் பிறகு அவன் என்னை ஒரு தடவைகூட வேட்டைக்குக் கூப்பிடவில்லை. ரகசியம் தெரிந்தவனைக் கூட வைத்துக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்? அவன் கல்யாணத்துக்கு அச்சடித்த கார்டு வந்தது. நான் போகவில்லை.

இதைத்தான் ஒழுக்கத்துக்கு இலக்கணம் என்கிறார்கள். மண்டையோட்டைச் சுத்தம் செய்து, வெல்வெட்டோடு பலகையில் பொருத்தி, 'சுட்டவர்: பொன்னுரங்கம், மே 1949' என்று பித்தளைத் தகட்டில் வெட்டி, விழாவன்று அவன் கூடத்திலேயே மாட்டும்படி அனுப்பிவைக்கப்போகிறேன். மே என்ற ஒரு சொல் போதும். வேட்டை தெரிந்தவனுக்கு மீதி புரியும்.

6 செப்டம்பர், திங்கள்

தேயிலைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். ஏணியைப் பிடித்துக்கொள்ள கமலவேணி.

"ஏனுங்க, இந்தக் கொம்பையா இறக்கறீங்க? என்ன விசேசம்?"

"கொம்பு என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் பூட்டி அல்லவா வைத்திருந்தேன்?"

"பூட்டுனா? சாவி உங்க சவரப் பெட்டியில இருக்குது. கல்யாணமாகி வந்த வருசமே தொறந்து பாத்துட்டேன். பாச்சா உருண்டை தீந்து போயி பூச்சி உழுந்துருந்துச்சு. அப்பறம் வருசத்துக்கு ரெண்டு தடவ நாந்தான் தொடச்சு, உருண்டை மாத்தி வெக்கறேன்."

"வெயிலில் காட்டினாயா?" பதறிவிட்டேன். வெயில் பட்டால் வெல்வெட் வெடித்துவிடும்.

"சீலையவே நெழல்ல காயப்போடறவ நானு. எனக்குத் தெரியாதாக்கும்?"

பதினெட்டு வருஷம். ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் என்னவெல்லாம் நடக்கிறது!

ஆனால் வெல்வெட் அப்படியே இருக்கிறது. இடது கொம்பின் முதல் கிளையில் மட்டும் ஒரு அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பழுப்பும் சாம்பலும் கலந்த அந்த நிறம்கூடப் போகவில்லை. விரலால் வருடிப் பார்த்தேன்.

9 செப்டம்பர், வியாழன்

கல்லூரியில் என் அருங்காட்சி அறையின் பாதியை என்.சி.சி. பூட்ஸ் வைக்க எடுத்துக்கொண்டார்கள். பாம்பு ஜாடிகளுக்கு நடுவில் பூட்ஸ். முதல்வர் பெயரையும் இங்கே குறித்து வைக்கலாம். குறிக்கவில்லை. அவர் அந்த அளவுக்குத் தகுதியானவர் அல்ல.

12 செப்டம்பர், ஞாயிறு

தூக்கி நின்ற வெல்வெட்டை ஒட்டினேன். பழைய நூல் ஒன்று கொம்பின் அடிவளையத்தில் இன்னும் கட்டியிருந்தது. பொன்னுரங்கத்தின் டென்னிஸ் மட்டையிலிருந்து அறுத்த நரம்பு. மருந்து பின்னால் கசியாமல் இருக்கக் கட்டியவன் அவன்தான்.

எரிக்கச் சொல்லிவிட்டு மறுநாள் விடிந்ததும் அவனே என் அறைக்கு வந்தான். நான் தலையை ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். கொம்பு நுனிகள் கீழே.

"எரிக்கச் சொன்னேனே?"

"பார்டா இதை" என்றேன். "இப்படி ஒன்று என் ஆயுளில் திரும்பக் கிடைக்காது. இரண்டு நாளில் நுனி அழுகிவிடும். ரத்தத்தை வடித்துவிட்டால் போதும், அப்படியே நின்றுவிடும்."

"நின்னா?"

"நின்றால் நிற்கும். ஒரு காரணமும் கிடையாது."

குனிந்து கொம்பைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டான். "என்ன வேணும், சொல்லு."

எஸ்டேட் மாட்டு டிஸ்பென்சரிக்கு அவனே ஓடி, குதிரைக்குப் போடும் பெரிய ஊசியை வாங்கி வந்தான். தவளை, ஓணான் பிடித்தால் பாடம் செய்ய நான் எடுத்துப்போயிருந்த ஃபார்மலின் ஒரு பாட்டில் இருந்தது. கொம்பு நுனிகளை பிளேடால் லேசாகக் கீறினேன். நுனிகள் மழுங்கி, பிஞ்சுக் கத்தரிக்காய் போல் இருந்தன. அடிவளையத்துக்கு மேலே தோலுக்குள் ஓடும் குழாய்களில் ஊசியைச் செலுத்தி மெதுவாக அழுத்தினேன். கீழே நுனியிலிருந்து கருத்த ரத்தம் சொட்டியது. அவன் சோப்புக் கிண்ணத்தில் பிடித்தான். கருப்பு சிவப்பானது, சிவப்பு ரோஜாவானது, கடைசியில் தண்ணீர்போல் தெளிவாக வந்தது. ஒவ்வொரு கொம்புக்கும் முப்பது நாற்பது இடத்தில் குத்தினேன். ஃபார்மலின் காட்டத்தில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

"டேய், பார்க்கிறவன் நாம மானுக்காக அழறோம்னு நினைப்பான்" என்றான்.

"நீ அழலாம். சுட்டவன் நீ."

அவன் சிரித்தான். வெளியே முதல் மழை பிடித்தது. சமையல்காரன் ரஸ்க்கும் காபியும் கொண்டுவந்து, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்துவிட்டுப் போனான். கை கழுவாமல் நாங்கள் அதை எப்படிச் சாப்பிடுவது என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம். அவன் ரஸ்க்கைக் காபியில் போட்டுவிட்டு, கோப்பையைப் பல்லால் தூக்கப் பார்த்தான். சட்டையெல்லாம் காபி.

அப்படிச் சிரித்தது அதோடு சரி. அவனோடு மட்டும் அல்ல, யாரோடும்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? கடிதத்துக்கு உதவாது.

18 செப்டம்பர், சனி

மண்டையோட்டு வேலை நாளைக்கு. அந்த மே மாதம் கொம்பை மட்டும்தான் பாடம் செய்தேன். தலைத்தோலை உரிக்காமல் உப்பும் மருந்துச் சோப்பும் தேய்த்து அப்படியே காயவிட்டுவிட்டேன். இடது காதுக்குப் பின்னால் ரத்தம் காய்ந்து மயிர் ஒட்டிக்கிடந்தது. அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அப்போது ஒரு காரணமும் இருக்கவில்லை.

19 செப்டம்பர், ஞாயிறு

காலை ஆறு மணியிலிருந்து பின்கட்டில்.

மண்டையோட்டை வேகவைக்க வேண்டும், கொம்பில் ஒரு சொட்டுத் தண்ணீரோ ஆவியோ படக்கூடாது. பட்டால் வெல்வெட் வழன்று கையோடு வந்துவிடும். மூன்று மூங்கில் கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, அதிலிருந்து தலையைத் தொங்கவிட்டேன். கொம்பின் அடியை மெழுகுத்துணியால் சுற்றி, உருக்கிய மெழுகு பூசினேன். அண்டாவில் வாஷிங் சோடா போட்டு, தண்ணீர் கொதிக்காமல் சும்மா நடுங்கும் சூட்டில் வைத்தேன்.

"ஏனுங்க! குளிக்கற அண்டாவுங்க அது!"

"கழுவிக் கொடுத்துவிடுகிறேன்."

"கழுவி? நாளைக்கு அந்தத் தண்ணியில குளிச்சா எனக்குக் கொம்பு மொளைக்கும்."

"முளைத்தால் அதையும் பாடம் செய்கிறேன்."

சிரித்துவிட்டாள். நான் வேடிக்கையாகப் பேசி நாளாயிற்று என்று அடுத்த வீட்டு அம்மாளிடம் அவள் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது.

பத்து மணிக்குத் தோல் இளகியது. சுரண்ட ஆரம்பித்தேன்.

(பிற்பகல்)

இடது காதுக்குப் பின்னால், மண்டையின் அடி எலும்பில், ஒரு ஈயக் கட்டி புதைந்திருந்தது. நெல்லிக்காய் அளவு. ஒரு பக்கம் நசுங்கித் தட்டையாக, மறுபக்கம் உருண்டையாக.

20 செப்டம்பர், திங்கள்

ரைஃபிள் குண்டு நீளமானது. செம்பு உறை போட்டது. இந்த இடத்தில் பட்டிருந்தால் எலும்பைச் சிதறடித்துக்கொண்டு மறுபக்கம் போயிருக்கும்.

அந்த மானை அதற்கு முன்பே வேறு யாராவது சுட்டிருக்கலாம். காட்டில் எத்தனையோ பேர்.

21 செப்டம்பர், செவ்வாய்

இல்லை. பழைய காயமானால் எலும்பு வளர்ந்து மூடியிருக்கும். வகுப்பில் நானே நடத்துகிற பாடம்.

22 செப்டம்பர், புதன்

ஆய்வகத் தராசில் நிறுத்தேன். முப்பத்தேழு கிராம். இரட்டைக்குழலின் உருண்டைக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு. அதனால்தான் அதற்குப் பன்னிரண்டு போர் என்று பெயர். பவுண்டைப் பன்னிரண்டால் வகுத்தேன். மூன்று முறை வகுத்தேன்.

ஒருவேளை அன்று துப்பாக்கிகளை மாற்றிக்கொண்டோமோ?

மாற்றிக்கொள்ளவில்லை.

26 செப்டம்பர், ஞாயிறு

ஆனைமலைக்கு பஸ்ஸில் போனேன். மீரா ராவுத்தர் உயிரோடு இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. மகள் வீட்டுத் தோட்டத்தில் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க வாத்தியாரய்யா! அதே கண்ணாடியா, வேறயா?"

"வேறு."

"இதுலயாவது தெரியுதுங்களா?"

அந்தக் கேலியிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஈயக் கட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். எடையைப் பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"எங்கிருந்து எடுத்தீங்க?"

"மண்டையிலிருந்து. காதுக்குப் பின்னால்."

"அய்யா எரிக்கச் சொன்னாருங்களே அந்தத் தலைய."

"எரிக்கவில்லை."

"அது சரி. நீங்க எரிக்க மாட்டீங்கன்னு அய்யாவே சொன்னாரு." கீரையை ஓரமாக வைத்தார். "ஒங்க முழங்கையப் புடிச்சு இழுத்தேனே, ஞாபகம் இருக்குதுங்களா? பச்சைக்கொம்பு, பச்சைக்கொம்புன்னு காதுல சொன்னேன். நீங்க பன்னின்னே சுட்டுட்டீங்க. நல்ல குறி, அதையுஞ் சொல்லோணும். இழுக்காம இருந்திருந்தா நெத்தியிலயே பட்டுருக்கும்."

"பொன்னுரங்கம் சுட்டது?"

"பன்னிக்கி மேல போயி மரத்துல பட்டுச்சு. அந்த மரத்த இப்பக்கூடக் காட்டுவேன்."

"அப்புறம் ஏன் என் குண்டு, என் குண்டு என்று கத்தினான்?"

ராவுத்தர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. "வேற என்னன்னுங்க கத்தறது? விருந்தாளிக்குப் பன்னி மட்டுந்தான். லைசென்ஸ் இல்லாத ஆளு மானைச் சுட்டா கேசு. ஒங்க காலேஜுக்குக் காயிதம் போகும். அப்ப ஒங்க வேல கெட்டியாகலீன்னு அய்யா சொன்னாரு."

அந்த ஜூலையில்தான் என் வேலை நிரந்தரமானது.

"மறாவாரமே அய்யா செக்ரட்டரி தொரைகிட்டப் போயி, நாந்தான் சுட்டேன், இருட்டுல தெரியலீன்னு எழுதிக் குடுத்துட்டாரு. மறச்சா கெளறுவாங்க, கெளறுனா நீங்க வெளிய வருவீங்கன்னு. மூணு சீசன் லைசென்ஸ முடக்கிட்டாங்க. கிளப்புல அவரு கூட ஒரு மேசையில ஒக்காந்து சீட்டாட ஆளில்ல. நாலாம் வருசந்தான் மறுபடி தோக்கு எடுத்தாரு."

மூன்று சீசன். அந்த மூன்று வருஷமும் என்னை விட்டுவிட்டு வேட்டைக்குப் போகிறான் என்று நான் இங்கே குமுறிக்கொண்டிருந்தேன்.

"அதற்குப் பிறகாவது கூப்பிட்டிருக்கலாமே என்னை?"

"ஒங்க கையில மறுபடி தோக்கக் குடுக்கறதுங்களா?" சிரித்தார். இருமல் வந்தது. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். "தப்பா நெனைக்காதீங்க. நாங்கூட ஒருக்கா கேட்டேன், வாத்தியாருகிட்ட நெசத்தச் சொல்லிப்புடலாமே அய்யான்னு. வேண்டாம் ராவுத்தரேன்னுட்டாரு."

"ஏன்?"

தயங்கினார். நான் விடவில்லை.

"'சொன்னா ஓடி வந்து மன்னிப்புக் கேப்பான். அப்பறம் கேக்க வெச்சதுக்காக ஆயுசு முழுக்க என்னைய மன்னிக்க மாட்டான். இப்பிடியே கோபமா இருக்கட்டும், அதுதான் அவனுக்குச் சௌகரியம்'னு சொன்னாருங்க."

கட்டிலில் ஈயக் கட்டி கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். நேரமாகவில்லை.

27 செப்டம்பர், திங்கள்

கல்லூரிக்குப் போகவில்லை. தலைவலி என்று கமலவேணியிடம் சொன்னேன்.

29 செப்டம்பர், புதன்

யோசித்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் அவன்மேல் கோபம்தான் வருகிறது. என்னைக் கேட்டானா? எனக்காகத் தண்டனை வாங்கிக்கொள்ள இவன் யார்? இருபத்திரண்டு வருஷம் என்னை முட்டாளாக வைத்திருந்தான். அதற்கும் மேலாக, நான் எப்படிப்பட்டவன் என்று தடம் பார்க்கிற ஒரு ஆளிடம் விளக்கியிருக்கிறான்.

விளக்கியது சரி என்பதுதான் தாங்கவில்லை.

3 அக்டோபர், ஞாயிறு

கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. மண்டையோட்டை வெளுத்தேன். சுண்ணப்பொடியை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்து, கொம்பின் அடிவளையத்துக்கு அரை அங்குலம் கீழே வரை தூரிகையால் பூசினேன். அந்த மருந்து வெல்வெட்டைத் தொட்டால் நிறம் போய்விடும். அடிவளையத்தை ஒட்டிய இடத்தைப் பல்துலக்கும் பிரஷ்ஷின் நாலு மயிரை மட்டும் வைத்துக்கொண்டு செய்தேன். மூன்று மணி நேரம். கமலவேணி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கொம்பைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"பொன்னுரங்கம் அண்ணந்தான சுட்டாருன்னு சொன்னீங்க?"

"அவன் சுடவில்லை."

"அப்பறம் யாரு?"

"பேசாமல் பிடி. கை ஆடுகிறது."

"என் கை ஆடலீங்க" என்றாள்.

4 அக்டோபர், திங்கள்

காய்ந்த பூச்சைத் தட்டி எடுத்தேன். எலும்பு வெள்ளை வெளேர் என்று வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் இருந்த குழியைச் சுண்ணமும் பசையும் வைத்து அடைத்துவிடுவது வழக்கம். இரண்டு நிமிட வேலை. அடைக்கவில்லை.

9 அக்டோபர், சனி

ஆசாரி ஈட்டிமரப் பலகையைக் கொண்டுவந்தார். கேடய வடிவம், நல்ல இழைப்பு. மண்டையின் பின்புறத் துளை வழியாக ஒரே ஒரு திருகாணி, உள்ளே ஒரு மரக்கட்டையில் இறங்கிப் பிடிக்க வேண்டும். கொம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. எடை முழுவதும் எலும்பில் நிற்க வேண்டும். ஆசாரி திருகாணியை முறுக்க, நான் கீழே இருந்து மண்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

"ரொம்ப வேண்டியவங்களுக்குங்களா?" என்றார் ஆசாரி.

"ஏன்?"

"கொழந்தையத் தாங்கற மாரி நிக்கறீங்க."

தகட்டில் என்ன வெட்ட வேண்டும் என்று கேட்டார். கடமான், தேன்மட்டம், 21 மே 1949 என்று எழுதிக் கொடுத்தேன். கீழே சுட்டவர் பெயருக்கு இடம் விடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

10 அக்டோபர், ஞாயிறு

வீட்டுக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. வெல்வெட்டின்மேல் வெளிச்சம் பட்டால் மழை நின்ற காலைபோல் இருக்கிறது. எந்தக் காலை என்று எனக்குத் தெரியும். இதை எட்டி நின்று பார்த்து, 'தேறிட்டடா புரொபசர்' என்று சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான்.

12 அக்டோபர், செவ்வாய்

கடிதம் நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது ஒன்றரைப் பக்கம். கிழித்தாயிற்று.

16 அக்டோபர், சனி

தலையை வைக்கோல் வைத்துக் கட்டி, தேன்மட்டம் போகும் லாரியில் ஏற்றினேன். செக்ரட்டரியிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அனுப்பியவர் யார் என்று டிரைவர் கேட்டார். கடிதம் தனியே வரும் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் சுவர் வெறிச்சென்று இருந்தது. பரணும்தான்.

17 அக்டோபர், ஞாயிறு

கடிதம் இதுதான்:

"செக்ரட்டரி அவர்களுக்கு. லாரியில் வந்திருக்கும் கடமான் 1949 மே 21 அன்று சுடப்பட்டது. அதைச் சுட்டதாகத் திரு. பொன்னுரங்கம் தாமே எழுதிக் கொடுத்து, மூன்று சீசன் தண்டனையும் ஏற்றார். அவர் சுடவில்லை. அன்று அவருடன் இருந்த விருந்தாளி, பன்றி என்று நினைத்து, எச்சரித்த பிறகும் சுட்டது. மண்டையிலிருந்து எடுத்த குண்டு இத்துடன் உள்ளது. முப்பத்தேழு கிராம், ரைஃபிளில் போடுவது அல்ல. உங்கள் பதிவேட்டில் திருத்தி, கூடத்தைத் திறப்பதற்கு முன் இதை உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டவும்."

கீழே என் பெயரையும் எம்.ஏ.வையும் எழுதி, மை உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்தோடு போனால் என்ன நடக்கும்? விழா முடிந்த கையோடு கார் இந்தத் தெருவில் வந்து நிற்கும். 'டேய் புரொபசர்' என்று வாசலிலேயே சத்தம் போடுவான். நான் எழுந்து நிற்பேன். வாய் தானாகத் திறக்கும். அவன் ராவுத்தரிடம் சொன்ன சொல் ஒவ்வொன்றும் பலித்துவிடும், கடைசிப் பாதியும் சேர்த்து. எனக்கு என்னைத் தெரியும். நான் கேட்டுவிட்டால் அவனை மறுபடி வெறுக்க ஆரம்பித்துவிடுவேன்.

கமலவேணி பின்னால் நின்று வாசித்துவிட்டாள்.

"விருந்தாளின்னா நீங்கதான?"

"ம்."

"பேர அடிச்சுட்டு மொட்டக் கடுதாசியாப் போடப் போறீங்களா?"

"வேறு தாளில் எழுதப் போகிறேன்."

"உங்க எழுத்து அந்தண்ணனுக்குத் தெரியாதாக்கும்? அந்த வெல்வெட்டப் பாத்தாலே யாரு செஞ்சதுன்னு சொல்லிப்புடுவாரு."

"தெரியட்டும். அவனுக்குத் தெரிவது வேறு. நான் போய்ச் சொல்வது வேறு."

"அப்ப அவரு வந்தா?"

"வந்தால் காபி கொடு. ரஸ்க் வாங்கி வை."

இத்தனை படித்தவன் மொட்டைக் கடிதம் எழுதுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். கிளப்புக்கு வேண்டியது உண்மை. பொன்னுரங்கத்துக்குச் சேர வேண்டியது அவனுடைய மூன்று சீசன். இரண்டும் இந்தத் தாளில் இருக்கின்றன. மன்னிப்பு மட்டும் இல்லை. அதைக் கேட்காமல் இருப்பதுதான் அவனை இனிமேல் வெறுக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி.

வேறு தாளில் அதே வரிகளை எழுதினேன். முடிந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டேன். 24 விழா. அதற்கு அடுத்த ஞாயிறு நான் எங்கேயும் போவதாக இல்லை. அதற்கு விசேஷமாக ஒரு காரணமும் இல்லை.

காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் தபாலில் போடுகிறேன், பெயர் இல்லாமல்.